திகந்தின் இடது கை

1. பதினோராவது எபிசோட்

ராவ் காரு அந்த ஸ்கிரிப்டை என் மேசையில் வைத்தபோது எங்கள் கட்டடத்துக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. பேகம்பேட்டில் அப்போது விமான நிலையம் இருந்தது. விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர எல்லோரும் பழகியிருந்தோம். சத்தம் அடங்கியதும் சொன்னார்:

"கௌரி காரு, இதைப் படிச்சிட்டு லைப்ரரிக்கு எவ்வளவு சேதம்னு சொல்லுங்க. ஹீரோவுக்கு ஒரு கை போகுது."

அவர் பேசியது தெலுங்கு; காரு என்பது அதில் மரியாதைச் சொல். எங்கள் ஆபீசில் தெலுங்கு, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஓடும். படிப்பவர்களுக்காக எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

ராவ் காரு எங்கள் ஸ்டுடியோவின் புரொட்யூசர். மும்பையில் இருந்த ஒரு குழந்தைகள் சேனலுக்காக நாங்கள் ஒரு சூப்பர் ஹீரோ தொடர் செய்துகொண்டிருந்தோம். இருபத்தாறு எபிசோட், முழுக்க 3டி. ஹீரோவின் பெயர் திகந்த். பத்தொன்பது வயது, பறப்பான், அக்காவோடு ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருப்பான். என் வேலைக்குப் பெயர் கன்டின்யூட்டி. முந்தின ஷாட்டில் நீலச் சட்டை என்றால் அடுத்த ஷாட்டிலும் நீலச் சட்டைதானா என்று பார்ப்பது. அதோடு லைப்ரரியும் என் பொறுப்பு. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. "கம்ப்யூட்டர்ல பொம்மை படம் போடறியாமே" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கன்டின்யூட்டி என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் விளக்கியதே இல்லை.

லைப்ரரி என்பதை மட்டும் இங்கே விளக்கவேண்டும். ஹீரோ நடப்பது, ஓடுவது, பறக்கக் கிளம்புவது, தரையிறங்குவது எல்லாவற்றையும் ஒருமுறை நன்றாக அனிமேட் செய்து வைத்துக்கொள்வோம். அதற்கு சைக்கிள் என்று பெயர். ஒவ்வொரு எபிசோடிலும் அதையே எடுத்து, கேமராவை மாற்றி, பின்னணியை மாற்றிப் பயன்படுத்துவோம். திகந்துக்கு மட்டும் என்னிடம் இருநூறுக்கு மேல் சைக்கிள் இருந்தது. இருபத்தாறு எபிசோடை நேரத்துக்கு முடிக்க முடிந்ததே அதனால்தான். அத்தனையிலும் அவனுக்கு இரண்டு கை.

ஸ்கிரிப்டைப் படித்தேன். ஒரு மின் நிலையத்தில் டர்பைன் கட்டுப்பாட்டை இழந்து சுற்றுகிறது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று அக்கா கத்துகிறாள். வாசலில் டிவி கேமராக்கள் நிற்கின்றன. கூட்டம் அவன் பெயரைக் கூவுகிறது. "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி திகந்த் சுற்றுகிற டர்பைனைக் கையாலேயே நிறுத்தப் போகிறான். நிறுத்தியும் விடுகிறான். திரை வெள்ளையாகிறது. அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. அக்கா அவனுடைய இடது சட்டைக் கையை மணிக்கட்டோடு மடித்து ஊக்கு குத்துகிறாள்.

ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது. நன்றாக எழுதப்பட்ட காட்சிதான். நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

ராவ் காருவின் அறைக்குப் போய், "இது முடியாது சார். லைப்ரரி மொத்தமும் போயிடும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது இல்லை.

2. வீட்டில் இருந்த விஷயம்

என் கணவர் சேகரன். வேலூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் செகந்திராபாத்துக்கு வந்த ரயில்வே குடும்பம். ஃபிட்டர். எந்த மெஷினும் தன் கைக்குப் பணியும் என்று நம்பியவர். இந்த ஸ்கிரிப்ட் வருவதற்கு நான்கு வருஷம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் நின்றுபோனது. ஆள் வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் போனார். பெல்ட்டில் சிக்கி இடது கையின் நான்கு விரல்களும் பாதி உள்ளங்கையும் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள்.

ஆபீசில் இது யாருக்கும் தெரியாது. "வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கார்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மறைக்க வேண்டும் என்று நினைத்ததில்லை. ஒருவரும் பரிதாபப்பட்டுக் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அப்படி இருக்கும்போது அந்த ஸ்கிரிப்ட் யாரோ எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது.

எழுதியவள் ஃபர்ஹத். நகரத்தின் பழைய பகுதியைச் சேர்ந்த பெண், அந்தப் பக்கத்துத் தக்கனி ஹிந்தியில் வேகமாகப் பேசுவாள். அவளிடம் பன்னிரண்டாவது எபிசோடையும் வாங்கிப் படித்தேன். அதில் ஒரு விஞ்ஞானி திகந்துக்குத் தங்க நிறத்தில் ஒரு இயந்திரக் கை பொருத்துகிறார். பழைய கையைவிடப் பலம் அதிகம். நெருப்பு கக்கும். எபிசோட் முடியும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ராவ் காருவுக்கு நிம்மதி. "பாத்தீங்களா, ஒரே எபிசோட்தான். அப்புறம் இடது கைக்குத் தங்கக் கலர் அடிச்சா லைப்ரரி பொழைச்சுக்கும்."

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. சரி என்று வேலையை ஆரம்பித்தோம்.

3. ஞாயிற்றுக்கிழமை

அனிமேட்டிக் என்று ஒன்று உண்டு. படம் வரைந்த பலகைகளை வரிசையாக ஓடவிட்டு, தற்காலிகக் குரல் சேர்த்துப் பார்ப்பது. அந்த இரண்டு எபிசோடின் அனிமேட்டிக்கையும் அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குழந்தைகள் பயப்படுகிறார்களா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். என் மகள் ரம்யாவுக்கு அப்போது ஏழு வயது. ஏ.எஸ்.ராவ் நகரில் பள்ளிக்கூடம். நாங்கள் தமிழில் பேசினால் புரியும், பதில் தெலுங்கில் வரும்.

ஞாயிறு மத்தியானம். சேகரன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். பதினோராவது எபிசோடில் ரம்யா அழவில்லை, பயப்படவும் இல்லை. சட்டைக் கையை மடிக்கும் இடத்தில் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பன்னிரண்டாவதில் தங்கக் கை வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். முடிந்ததும் கேட்டாள்:

"அப்பாக்கு கொத்த செய்யி எப்புடு வஸ்துந்தி?"

அப்பாவுக்குப் புதுக் கை எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த வாரம் வரும் என்று நான் சொன்னால் நம்பியிருப்பாள். அவள் முகம் அப்படி இருந்தது.

சேகரன் அவசரப்படவில்லை. வாயில் இருந்த சோற்றை விழுங்கிவிட்டுச் சொன்னார். "வராதும்மா. இருக்கறத வெச்சுதான்."

"திகந்துக்கு ஒச்சிந்தி கதா?" திகந்துக்கு வந்ததே என்றாள்.

"அது அம்மா ஆபீஸ்ல செஞ்சது."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்தான் இருந்தது. திகந்துக்குக் கை செய்யத் தெரிந்த நான் அப்பாவுக்கு ஏன் செய்யவில்லை என்ற கோபம். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

4. நான் கேட்டது

திங்கட்கிழமை காலை ராவ் காருவிடம் போய், தங்கக் கை வேண்டாம் என்றேன்.

"கை போக வேண்டாம்னு போன மாசம் சொன்னீங்க."

"போனா போனதாவே இருக்கட்டும் சார். கடைசி எபிசோட் வரைக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினஞ்சு எபிசோட் பாக்கி. லைப்ரரி முழுக்கத் திரும்பப் பண்ணணும். அதைப் பண்ணப் போறதும் நீங்கதான். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும்."

ஃபர்ஹத்தைக் கூப்பிட்டார். அவள் என்மீது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னாள்: "ஹவ் சார், ஆமா, கௌரி சொல்றதுதான் சரி. அந்தத் தங்கக் கையை நான் ஆசைப்பட்டு எழுதல. பொம்மை விக்கணும்னு சேனல்ல கேட்டாங்க. போன கை ஒரு வாரத்துல திரும்பி வந்துட்டா, அவன் செஞ்ச தப்புக்கு அர்த்தமே இல்லாம போயிடுது."

ராவ் காரு காலண்டரைப் பார்த்தார். மூன்று வாரம் தருவதாகச் சொன்னார். ஒரு நிமிஷ டெஸ்ட் காட்ட வேண்டும். அதில் ஒரு பறத்தல், ஒரு தரையிறங்கல், சாதாரணமாக ஒரு வீட்டுக் காட்சி. சேனல் ஒத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் தங்கக் கைதான்.

முதல் வாரம் வீணாய்ப் போனது. அனிமேட்டர் சந்தீப் கெட்டிக்காரன். ஆனால் அவன் செய்ததெல்லாம் பழைய சைக்கிளில் இடது உள்ளங்கையை மறைத்ததுதான். திகந்த் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு விளையாடுவது போல இருந்தது. ஏதோ தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தது, என்ன தப்பு என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கை போனால் உடம்பு மொத்தமும் வேறு மாதிரி அசையும். நான்கு வருஷமாக அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை, பஸ்ஸில் வீடு திரும்பும்போது சேகரனிடம் கேட்டேன். ரெஃபரன்ஸுக்கு ஆபீசுக்கு வரவேண்டும், வீடியோ எடுப்பார்கள் என்றேன்.

"எனக்கு அங்கல்லாம் நக்கோ, வேண்டாம் கௌரி" என்றார். கல்யாண போட்டோக்களில்கூட இடது கையை யாருடைய முதுகுக்காவது பின்னால் வைத்துக்கொள்கிறவர். நான் வற்புறுத்தவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவராகவே கேட்டார்.

"ரம்யா கேட்டாளே, அதுக்காகவா?"

"ஆமா."

"வரேன். ஆனா ஒண்ணு. நான் செய்ய முடிஞ்சத மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க. முடியாம விட்டதயும் எடுங்க."

5. சட்டை பட்டன்

சேகரன் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். நான் அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினேன். ராவ் காரு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

சட்டை பட்டன் போட்டார். மேல் பட்டனில் தொடங்காமல் கடைசிப் பட்டனில் தொடங்கினார். துணியைக் கட்டைவிரலாலும் வயிற்றாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் போடுவார். தண்ணீர் பாட்டிலை முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திறந்தார். ஷூ லேஸ் கட்ட முயன்றார். இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை விட்டுவிட்டு, முனைகளை ஷூவுக்குள் செருகிக்கொண்டார். "இதையும் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

நடக்கும்போது சந்தீப் நிறுத்தச் சொன்னான். "அங்கிள், உங்க இடது தோள் முன்னாடி போகுது. ஏன்?"

சேகரன் யோசித்தார். இதை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்கூட. "எதயாவது எடுக்கணும்னா மொதல்ல அதான் கெளம்புது தம்பி. கை போனது தோளுக்கு இன்னும் தெரியாது. கெளம்பின பெறகுதான் ஞாபகம் வரும்."

சந்தீப் அதை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர்மேல் ஒட்டிக்கொண்டான்.

அதன்பிறகு வேலை ஓடியது. திகந்த் பறக்கும்போது இடது தோள் முன்னால் வந்தது, உடம்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. தரையிறங்கும்போது இரண்டு கையும் ஊன்றப் போய், கடைசி நேரத்தில் உடம்பைத் திருப்பி வலது கையில் இறங்கினான். வீட்டுக் காட்சியாக நான் பட்டனை எடுத்துக்கொண்டேன். காலையில் எழுந்து, கட்டைவிரலுக்குப் பதில் மணிக்கட்டால் துணியை அழுத்திப் பிடித்துச் சட்டை போடுகிறான். அக்கா உதவிக்கு வருகிறாள், வேண்டாம் என்று தலையாட்டுகிறான். ஐந்து பட்டன். இருபத்திரண்டு நொடி. வசனமும் கிடையாது, மியூசிக்கும் கிடையாது.

6. கிரண் மேடம்

சேனலிலிருந்து கிரண் மேடம் வந்தார். நல்ல ரசனை உள்ளவர், ஆனால் முடிவு சொல்வதில் கறார். டெஸ்டை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"வேலை பிரமாதம். ஆனா இது சாயங்கால ஸ்லாட். ஸ்கூல்லேருந்து வந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டே பாக்கறாங்க. இவ்வளவு இருட்டா வேணுமா?"

ராவ் காரு பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். கன்டின்யூட்டி ஆட்கள் கிளையன்ட் மீட்டிங்கில் பேசும் வழக்கம் கிடையாது.

"மேடம், கை போறதுதான் இருட்டு. அதுக்கு நீங்க ஏற்கெனவே ஓகே பண்ணிட்டீங்க. அதுக்கப்புறம் அவன் எழுந்து சட்டை போட்டுக்கறதைத்தான் நான் சேத்துக் காட்டணுங்கறேன்."

"எபிசோடெல்லாம் மாத்தி மாத்திப் போடுவோம். ஒருநாள் கை இருக்கும், ஒருநாள் இருக்காது. குழந்தைங்களுக்குக் குழப்பம்."

"இருந்தா பழைய எபிசோட், இல்லன்னா புது எபிசோட். ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க."

அவர் ஒத்துக்கொள்கிற மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் ரம்யா கேட்டதைச் சொன்னேன். தங்கக் கையைப் பார்த்து எழுந்து நின்றதையும், அவள் அப்பா சொன்ன பதிலையும் சொன்னேன். நான் அழவில்லை. அழக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். "இந்தப் பட்டன் போடறது அவருடைய கைதான் மேடம்" என்று திரையைக் காட்டினேன்.

விமானம் ஒன்று போனது. எல்லோரும் காத்திருந்தோம்.

"ஹீரோ தோக்கக் கூடாது" என்றார் கிரண் மேடம். "அது ஒண்ணுதான் என் கண்டிஷன்."

"தோக்க மாட்டான்" என்றாள் ஃபர்ஹத்.

"பட்டன் காட்சியைப் பாதியாக்குங்க."

"அதுல கை வைக்க வேண்டாம் மேடம்" என்றார் ராவ் காரு. அவர் கிளையன்டிடம் இல்லை என்று சொன்னதை நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். டைட்டிலில் திகந்த் இரண்டு கையையும் விரித்துப் பறப்பான். அதை மாற்றக் கூடாது என்று சேனல் சொல்லிவிட்டது. இரண்டு கையுள்ள பொம்மைகளும் அதற்குள் அச்சுக்குப் போயிருந்தன. கடைசி எபிசோட் வரை அந்த டைட்டில் ஓடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

7. ஒரு கை விளையாட்டு

திரும்பச் செய்தது பாக்கி எபிசோடுகளுக்குத் தேவையான நூற்று அறுபது சைக்கிள். ஏழு பேர் செய்தோம். நான் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வந்தேன். ஃபர்ஹத் எழுதிய பதினைந்து எபிசோடிலும் திகந்த் ஜெயித்தான். ஆனால் முன்னைப் போல இல்லை. அக்கா சொன்னால் கேட்டான். சுவிட்ச் எங்கே என்று முதலில் தேடினான். அதைக் குழந்தைகள் எத்தனை பேர் கவனித்தார்களோ, தெரியாது.

அவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பது எங்கள் தெருவிலேயே தெரிந்தது. பதினான்காவது எபிசோட் வந்த வாரம், பிள்ளைகள் இடது கையைச் சட்டைக்குள் மடக்கிக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடினார்கள். கையை வெளியே எடுத்தால் அவுட். காய்கறிப் பையோடு வந்த சேகரனை ஒரு வாண்டு மறித்தது. அவர் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கிள், மீரு திகந்தா?" நீங்கள்தான் திகந்தா என்று கேட்டது.

"ஹவ்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, வெகுநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் நான்கு வருஷமாகக் கேட்டிருக்கவில்லை.

8. பத்தொன்பது ஃப்ரேம்

தொடர் முடிந்து சில மாதம் கழித்து சேனலிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்தது. குழந்தைகள் எழுதியவை. பெரும்பாலானவற்றில் படம் வரைந்திருந்தார்கள். ஒரு பெண் குழந்தை ஹிந்தியில் எழுதியிருந்தது:

"பதினேழாவது கதையில் சந்தை எரியும்போது திகந்துக்கு இடது கை வந்தது. உடனே போய்விட்டது. அவன் கனவு கண்டானா, நீங்கள் தப்பு செய்தீர்களா?"

டேப்பைப் போட்டு ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே தூரத்தில் பறக்கும் ஒரு ஷாட். பழைய சைக்கிள் ஒன்று எப்படியோ உள்ளே வந்திருந்தது. பத்தொன்பது ஃப்ரேம். ஒரு நொடிகூடக் கிடையாது. ஏழு பேர் பார்த்தோம், சேனலில் பார்த்தார்கள், யார் கண்ணிலும் படவில்லை.

பிடித்திருக்க வேண்டியது நான்தான். அதோடு இன்னொன்றும் தோன்றியது. இந்தக் குழந்தை பதினோராவது எபிசோடிலிருந்து ஒவ்வொரு வாரமும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. போனது போனதுதான் என்று நாங்கள் சொன்னதை நம்பியிருக்கிறது. நம்பியதால்தான் கண்டுபிடித்தது.

சேனல் அந்த ஷாட்டை மாற்றச் சொல்லவில்லை. ஸ்டுடியோ அப்போது வேறு தொடரில் இருந்தது. சந்தீப்பும் நானும் இரண்டு சனிக்கிழமை மதியங்களில் அந்த ஷாட்டைச் சரிசெய்து, ரெண்டர் போட்டு, மறுஒளிபரப்புக்குப் புது டேப் அனுப்பினோம். பிறகு அந்தக் குழந்தைக்கு என் கையெழுத்தில் பதில் எழுதினேன். கனவு இல்லை, தப்பு என்னுடையது, திருத்திவிட்டோம் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ தொடர்களில் வேலை பார்த்தேன். பெரிய பெயர்கள், பெரிய திரைகள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இருண்ட கதை செய்ய வேண்டும் என்று ஆசையோடு வருவார்கள். யாரைச் சாகடிக்கலாம், எதை எரிக்கலாம் என்று பேசுவார்கள். செய்யுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நடந்த மறுநாள் காலையில் அவன் எப்படி எழுந்து சட்டை போடுகிறான் என்பதையும் நீங்களே செய்யுங்கள். அது உங்களுக்குத் தெரியவில்லையென்றால், தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கேளுங்கள். பிறகு கடைசி எபிசோட் வரை ஒரு ஃப்ரேமிலும் அதை மறக்காதீர்கள். யாரோ ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.